குச்சி வேலி

“வாயே திறக்க மாட்டேங்கறா மேடம். சுவரோட பேசினா அதாவது எதிரொலிக்கும்.”

ஜெசிந்தா குழந்தைகள் மனநல ஆலோசனைப் பயிற்சிக்கு வந்தவள். ஆசிரியை வைதேகியைவிட வயதில் மூத்தவள். கேள்வி கேட்டுக் கேட்டே வீட்டுக்காரரை ஊமையாக்கியவள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்த வீட்டில் இப்போது மிக்சி ஓடினால்தான் சத்தம்.

குழந்தை மிருதுளாவுக்கு ஆறு வயது. அம்மா இறந்ததிலிருந்து பேச்சில்லை.

“விளையாட்டு அறையில என்ன செய்யறா?”

“மணல்ல ஒரு மாட்டு பொம்மையை வைப்பா. சுத்தி ஐஸ் குச்சியால வேலி போடுவா. அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்துடுவா.”

“நீங்க?”

“உள்ளேயே கிடந்து அது என்ன பண்ணும், பாவம்? ரெண்டு குச்சியைப் பிடுங்கி வழி விடுவேன். துணைக்கு ஒரு கன்னுக்குட்டியும் வைப்பேன்.”

“அவ?”

“எல்லாத்தையும் மணல் போட்டுப் புதைச்சிடறா. நல்லது செஞ்சா இதுதான் மரியாதை. அவங்கப்பா இன்னியோட சரிங்கறார். ஒரு வார்த்தையாவது வரலேன்னா ஹாஸ்டல்ல விட்டுடுவாராம்.”

வைதேகி எட்டி, ஜெசிந்தாவின் மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே கையை விட்டாள்.

ஜெசிந்தா வெடுக்கென்று பையைப் பறித்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“என்ன மேடம் இது?”

“உள்ள என்னக்கா இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்தப் பிடி?”

ஜெசிந்தா முறைத்தாள். பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்லவில்லை. அவளுக்கு அது புதுசு.

விளையாட்டு அறைக்கு மிருதுளா வந்தாள். மாட்டை வைத்தாள். குச்சிகளை நட்டாள். திரும்பி உட்கார்ந்தாள்.

ஜெசிந்தாவும் தரையில் உட்கார்ந்தாள். கை மணல் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள். மறுபடியும் போனது. கையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மின்விசிறி சுற்றியது. கதவுக்கு வெளியே அப்பாவின் செருப்பு இங்கும் அங்கும் நடந்தது.

பக்கத்தில் ஒருவர் பேசாமல் இருப்பது ஜெசிந்தாவுக்கு வீட்டிலேயே பழக்கம். ஆனால் அங்கே இருவருமே ஜெயிக்கப் பார்ப்பார்கள்.

ஒரு குச்சி தானாகச் சாய்ந்து விழுந்தது.

ஜெசிந்தா தொடவில்லை.

குழந்தை திரும்பியது. குச்சியைப் பார்த்தது. அவள் கை எங்கே என்று பார்த்தது.

வெகுநேரம் பார்த்தது.

பிறகு விழுந்த குச்சியை எடுத்து அவளிடம் நீட்டியது.

“மூடு.”

ஜெசிந்தா வாங்கி, இருந்த இடத்திலேயே ஊன்றினாள்.

“இன்னும் அழுத்து,” என்றது குழந்தை.