தண்ணியில்லாக் காட்டுக் காவல்

பேச்சி என்ற கௌதாரி இட்ட முட்டைகளைச் சாரைப்பாம்பு ஒன்று பட்டப்பகலில் விழுங்கிவிட்டுப் போனது. அவளும் அவள் புருஷன் சுடலையும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கேட்பதற்கு யார் இருந்தார்கள்? காவலுக்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு ஈ காக்கா கிடையாது.

அது உடைமரமும் கள்ளியும் இலந்தைப் புதருமாகக் கிடந்த வறண்ட காடு. மழை பெய்தால் குட்டையில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பெய்யாவிட்டால் புல்நுனிப் பனியை நக்கிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே பிறந்தவர்கள் அதை 'எங்க ஊர்' என்றார்கள். ஏரிக்கரையில் இருந்தவர்களோ அதற்குத் 'தண்ணியில்லாக் காடு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஏரிக்கரை இருக்கிறதே, அது வேறு உலகம். யானை ராஜா குளிப்பதும் படுப்பதும் அங்கேதான். ஆகவே பாம்பு விரட்டுகிற கீரிகளும் அங்கேதான். வாத்துக் கூட்டுக்கு ஒரு கீரி, நாரைக் கூட்டுக்கு ஒரு கீரி. மயில் மந்திரியின் தோகை சேற்றில் படாமல் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்க ஒரு கீரி. ராஜாவுக்கு முதுகு சொறியக் குச்சி எடுத்துக் கொடுக்க இன்னொரு கீரி. இதெல்லாம் காவல் வேலையா என்று கேட்காதீர்கள், அங்கே யாரும் கேட்கவில்லை.

கீரிக்கும் முட்டை என்றால் உயிர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் மருதமரத்து உச்சியில் ஒரு பருந்தை உட்கார வைத்திருந்தார்கள். கீரிகள் மேல் வைத்த கண்ணை அது எடுப்பதில்லை. எந்தக் கீரியாவது கூட்டுக்குள் மூக்கை நுழைத்தால் கீழே பாய்ந்து கழுத்தைப் பிடித்துவிடும். ஏரிக்கரையில் முட்டைகள் குஞ்சானதற்குக் கீரிகள் பாதிக் காரணம் என்றால், பருந்து மீதிக் காரணம்.

பேச்சி ஏரிக்கரைக்கு நடந்தே போனாள். நாக்கு வறண்டு, கால் கொப்பளித்துத்தான் ராஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"ராஜா, எங்க பக்கத்துக்கு ஒரே ஒரு கீரி கொடுங்க. நாங்க முட்டை விடுறது பாம்புக்குச் சோறு போடத்தான்னு ஆகிப்போச்சு."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மயில் கழுத்தை நீட்டியது.

"ஏரிக்கரையிலேர்ந்து தினம் ஒரு புகார் வருது மகாராஜா. அந்தப் பக்கத்துலேர்ந்து இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்ததில்லை. ரொம்ப அமைதியான இடம்னுதான் நாங்க நெனச்சிருந்தோம்."

"புகார் வாங்கிக்க அங்க ஆள் இல்லையே ஐயா" என்றாள் பேச்சி.

"ஆள் இல்லைன்னாவது ஒரு புகார் கொடுத்திருக்கலாமே!" என்றது மயில்.

அந்த நேரம் பார்த்துப் பருந்து ஒரு கீரியைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து போட்டது. அவன் பெயர் வீரபாகு. மீசையெல்லாம் மஞ்சள் கரு. பின்னாலேயே தாய் வாத்து நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்தது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர் பிளிறிய பிளிறலில் ஏரித் தண்ணீர் அலையடித்தது.

"காவல் காக்கச் சொன்னா முட்டையைத் தின்கிறாயா? உன்னை என்ன செய்கிறேன் பார். தூக்கித் தண்ணியில்லாக் காட்டுக்கு அடிக்கிறேன்!"

சபையே நடுங்கிப் போயிற்று. கீரிகள் காலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டன. வாத்துகள் இறக்கையைத் தட்டி, "நீதி கிடைச்சுது, நீதி கிடைச்சுது" என்று ஆர்ப்பரித்தன. பேச்சி மட்டும் திகைத்து நின்றாள். பிறந்து வளர்ந்த ஊரின் பேரைச் சொன்னதும் இத்தனை பேர் நடுங்குவதை அவள் அன்றுதான் பார்த்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது.

ராஜா அவள் பக்கம் திரும்பினார். கோபம் தணிந்து முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தாயா, நீ கேட்ட காவலும் கிடைச்சாச்சு. கூட்டிக்கிட்டுப் போ."

"ராஜா, இவரு முட்டை திருடினதுக்குத்தானே தண்டனை? எங்க ஊர்லயும் முட்டைதான் இருக்கு."

"அங்கே போனா திருந்திடுவான். அந்த வெயில்லே யாராயிருந்தாலும் திருந்திடுவாங்க" என்றது மயில்.

"அப்படின்னா பருந்தையும் கூட அனுப்புங்க. மேலேயிருந்து ஒரு கண்ணு பார்த்துக்கிட்டிருக்கட்டும்."

சபையில் சிரிப்பு எழுந்தது. ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாயிருக்கே உன் பேச்சு. பருந்து அப்படி என்ன தப்பு பண்ணிச்சு, அதை அங்கே அனுப்ப?"

வீரபாகு வழி நெடுக அழுதுகொண்டே வந்தான். "இனிமே எனக்கு வாழ்க்கை இல்லை" என்று புலம்பினான். பேச்சிக்குக்கூட அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. வந்த கையோடு சாரைப்பாம்பை அடித்தும் போட்டான். ஊரே திரண்டு வந்து பார்த்தது. காடைகளும் புறாக்களும் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"நாமதான் ஆளைத் தப்பா எடை போட்டுட்டோம் புள்ள" என்றான் சுடலை.

பேச்சி இலந்தைப் புதரின் அடியில் மறுபடியும் முட்டையிட்டாள். பழைய துக்கம் போய் மனசு நிறைந்திருந்தது. சுடலை இரை தேடப் போனால் அவள் உட்காருவாள், அவள் போனால் அவன் உட்காருவான்.

முதலில் காடைக் கூட்டில் முட்டைகள் குறைந்தன. அப்புறம் புறாக் கூட்டில். பாம்புதான் செத்துப்போயிற்றே, பிறகு யார்? ஒரு நாள் பேச்சி தானியம் பொறுக்கிவிட்டுத் திரும்பினாள். சுடலை பக்கத்தில் இல்லை. கூட்டின் ஓரத்தில் வீரபாகு உட்கார்ந்து, அவளுடைய முட்டை ஒன்றைக் குடித்துவிட்டுச் சப்புக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"உன் வீட்டுக்காரனை நான்தான் எல்லையைப் பார்த்துட்டு வரச் சொல்லி அனுப்பினேன்" என்றான், ஏதோ உதவி செய்தவன் போல.

"அடப்பாவி, உன்னை நம்பித்தானே நாங்க இருந்தோம்!"

"கத்தாதே. காவல் காக்கிறவனுக்கும் வயிறு இருக்கில்ல? பாம்பு வந்தா மொத்தத்தையும் முழுங்கும். நான் கூட்டுக்கு ஒண்ணு ரெண்டுதான் எடுக்கிறேன்."

"ராஜாகிட்டே போய்ச் சொல்லுவேன்."

வீரபாகு மல்லாக்கப் படுத்துச் சிரித்தான். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

"தாராளமாச் சொல்லு. ராஜா என்ன பண்ணுவாரு? என்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துவாரா?"

மிச்ச முட்டைகள் இன்னும் கூட்டில் இருந்தன. சுடலை திரும்பி வந்ததும் பேச்சி அவனை அவற்றின்மேல் உட்கார வைத்தாள். "எவன் வந்து எது சொன்னாலும் எழுந்திரிக்காதே" என்று அவனிடம் சொல்லிவிட்டு மறுபடியும் ஏரிக்கரைக்கு நடந்தாள்.

"ராஜா, உங்க கீரியை நீங்களே திருப்பி எடுத்துக்கோங்க. பாம்பாவது எப்பவாவது ஒரு நாள் வரும். இவன் எங்க கூடவே குடியிருக்கான்."

ராஜா காதை ஆட்டியபடி யோசித்தார்.

"அதெப்படி? அவன் தண்டனை இன்னும் முடியலையே. பாதியிலே கூப்பிட்டுக்கிட்டா இந்த வாத்துகள் என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?"

"தண்டனை அவனுக்கா எங்களுக்கா ராஜா? ஏரிக்கரையிலே திருடினா எங்க ஊருக்கு அனுப்புறீங்க. எங்க ஊர்ல திருடினா எங்கே அனுப்புவீங்க?"

வாத்துகள் அலகைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டன. ராஜா கெட்டவர் இல்லை, அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ குத்தியது. அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார். அதற்குள் மயில் முந்திக்கொண்டது.

"மகாராஜா, அங்கே முட்டை காணாமப் போகுதுன்னா காவல் பத்தலைன்னுதானே அர்த்தம்? அவ்வளவு பெரிய காட்டை ஒத்தை ஆள் எப்படிப் பார்த்துக்க முடியும்? ஆள் வேணும்னு முதல்லே வந்து கேட்டதும் இவதான்."

ராஜாவின் நெஞ்சில் குத்தியது பட்டென்று விட்டுப் போயிற்று. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

"சரியாச் சொன்னீர். காவலைப் பலப்படுத்திடுவோம். நம்மகிட்டே யார் இருக்கா?"

"நாரை முட்டையைத் தொட்டுப் பிடிபட்ட ரெண்டு பேர் இருக்காங்க."

வாத்துகள் மறுபடியும் இறக்கையைத் தட்டின. பேச்சி வேண்டாம் வேண்டாம் என்று கதறினாள். அந்த ஆரவாரத்தில் அது யார் காதிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவள் முன்னால் நடந்தாள். இரண்டு கீரிகளும் அழுதுகொண்டே பின்னால் வந்தன. வேகமாக நடந்து அவர்களைத் தொலைத்துவிடலாமா என்று பார்த்தாள். வழி தெரியாமல் தவித்துப் போகிறவர்களா அவர்கள்? வாசம் பிடித்தே வந்துவிட்டார்கள்.

சுடலை இன்னும் முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் கீறல். இறகு பிய்ந்து கிடந்தது. சற்றுத் தள்ளி வீரபாகு படுத்திருந்தான், அவனுக்கு அவசரமே இல்லை.

"ராஜா என்ன சொன்னாரு புள்ள? இவங்க யாரு?"

"காவலுக்கு வந்திருக்காங்க" என்றாள் பேச்சி. அவனோடு சேர்ந்து அவளும் கூட்டின்மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்தாள்.

புதுக் கீரிகள் இரண்டும் அழுகையை நிறுத்தின. முதல் காரியமாக வானத்தை அண்ணாந்து பார்த்தன. அங்கே பருந்து இல்லை. பிறகு மெல்லக் குனிந்து கூட்டைப் பார்த்தன.

கண்காணிக்க ஆள் இல்லாத ஊருக்குத் திருடனைக் காவலாக அனுப்பிவிட்டு அதைத் தண்டனை என்று சொல்கிற அரசு, அந்தத் திருடனைத் தண்டிக்கவில்லை, அந்த ஊரைத்தான் தண்டிக்கிறது.