படம் நின்றாலும் பேச்சு நிற்காதது ஏன்?

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாமான்கள் எல்லாம் தங்களுக்குள் வாயாடிக்கொண்டிருந்த காலம் அது. மனிதர் காதில் விழாது, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரின் மூளையான சில்லுக்கு சிடியில் இருக்கும் படத்தைக் காட்டத் தெரியாது. கணக்குப் போடும், டைப் அடித்ததை வாங்கி வைக்கும், பிரிண்டருக்கு அனுப்பும். படம் என்று வந்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் கார்டு என்றொரு பெரிய மனுஷர் உட்கார்ந்திருப்பார். சிடி பேசும் பாஷை அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் இல்லாத கம்ப்யூட்டரில் சிடியைப் போடுவதும் ஒன்றுதான், அதில் முகம் பார்த்துத் தலை சீவுவதும் ஒன்றுதான்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சகாயராஜ் நடத்திய டைப்பிங் சென்டரிலும் ஒரு சில்லு இருந்தது. நாள் முழுக்கக் கிரையப் பத்திரம் அடிப்பதுதான் அதன் பிழைப்பு. ஆனால் கண்ணெல்லாம் பக்கத்து வீட்டு விஷயத்தில்! கார்டு படம் காட்டும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்க்கும்.

"அண்ணே, இவ்வளவு பெரிய படம் இத்தனூண்டு தட்டுக்குள்ள எப்படி அடங்குது?"

"உன் ஜோலியைப் பாரு" என்பார் கார்டு. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆளுக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு நாள் மத்தியானம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் காளீஸ்வரி கையில் ஒரு சிடியோடு வந்தாள். கூடவே அவள் அம்மா வெள்ளத்தாய். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வேல்சாமி அங்கேயே ஒரு மாப்பிள்ளை பார்த்து போட்டோ அனுப்பியிருந்தான். "போட்டோவுல யாருதான் நல்லா இல்ல? ஆளு பேசுறதைப் பார்க்காம நான் சரின்னு சொல்ல மாட்டேன்" என்று காளீஸ்வரி அடம்பிடித்ததால், மாப்பிள்ளை பேசுவதை அண்ணன் படம் எடுத்து இந்தச் சிடியில் அனுப்பிவிட்டான். சாயங்காலம் ஆபீஸுக்கு போன் செய்வான். அப்போது பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

சகாயராஜ் சிடியைப் போட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தது. கார்டு "ஆ" என்றார். அதோடு பேச்சு மூச்சில்லை.

"கார்டு போச்சு தங்கச்சி" என்று தலையைச் சொறிந்தார் சகாயராஜ். "ஒரு மென்பொருள் இருக்கு. அதை ஏத்திட்டா கார்டு வேலையைக் கம்ப்யூட்டரே செஞ்சிரும்னு சொல்றாங்க. நான் போட்டுப் பார்த்ததில்லை."

மென்பொருள் என்றால் வேறொன்றும் இல்லை. கார்டுக்குத் தெரிந்த பாஷையை வரி வரியாக எழுதி வைத்த பாடம். சில்லு அதை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு சிடியிடம் ஓடியது.

"இப்பவாச்சும் சொல்லு. எப்படித்தான் அடக்கி வச்சிருக்க?"

"எல்லாத்தையும் நான் எங்க சொல்றேன்?" என்றது சிடி. "முதல்ல ஒரு முழுப் படம் சொல்வேன். அப்புறம் எது அசைஞ்சதோ அதை மட்டும்தான் சொல்வேன். சுவரும் ஜன்னலும் அசையவா செய்யுது? அதுக்கெல்லாம் ஒரே வார்த்தை. மேற்படி."

"மேற்படியா! அட, பத்திரத்துல தினமும் அடிக்கிற வார்த்தையாச்சே! மேற்படி சொத்து, மேற்படி கிணறு, மேற்படி நபர். இதுக்கா அந்தக் கார்டு இந்த அலட்டு அலட்டினாரு?"

படம் ஓடத் தொடங்கியது. ஆனால் முதலில் வந்தது மாப்பிள்ளை இல்லை, வேல்சாமி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். வழுக்கைத் தலை, முரட்டு மீசை. ஊர் நலம், மழை நலம் எல்லாம் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ஆளை யாரு கேட்டா? தள்ளிவிடுங்க தம்பி" என்றாள் வெள்ளத்தாய்.

சகாயராஜ் படத்தை முன்னால் தள்ளிவிட்டார். சில்லு நட்டநடுவில் போய் விழுந்தது. அங்கே மாப்பிள்ளை பேச்சைத் தொடங்கப் போகிற நேரம். "வாய் அசைஞ்சுது, மற்றது மேற்படி" என்று சிடி சொல்லிக்கொண்டிருந்தது. மேற்படி என்றால் மேலே சொன்னதுதானே? சில்லு மேலே கேட்டு வைத்திருந்தது வீட்டுக்காரரைத்தான். திரையில் வழுக்கை மண்டையும் மீசையும் அப்படியே நிற்க, நடுவில் ஒரு இளவட்டத்தின் வாய் மட்டும் கட்டம் கட்டமாகச் சிரித்தது.

"ஆத்தாடி! இதுவா மாப்பிள்ளை?" என்று வெள்ளத்தாய் நெஞ்சில் கை வைத்தாள். காளீஸ்வரிக்கு முகம் செத்துவிட்டது. "வேண்டாம்னு சொல்லிருவோம்மா" என்று எழுந்துவிட்டாள்.

சில்லு பதறிப் போனது. "ஐயையோ, என்னால ஒரு கல்யாணமே நிக்கப் போகுதே!"

"பத்திரத்தை நடுவுல இருந்து படிச்சா மேற்படி நபர் யாருன்னு எப்படித் தெரியும்?" என்று சிடி அதட்டியது. "நான் அப்பப்போ முழுப் படம் ஒண்ணு சொல்வேன். அதுவரைக்கும் பொறு. அங்க இருந்து பிடிச்சுக்கோ."

சில்லு பொறுத்தது. அடுத்த முழுப் படம் வந்ததும் வழுக்கையும் மீசையும் காணாமல் போய், சுருட்டை முடியோடு ஒரு பையன் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். "இரு தங்கச்சி, படம் தெளிஞ்சிருச்சு!" என்றார் சகாயராஜ். காளீஸ்வரி அரைமனதோடு உட்கார்ந்தாள்.

ஆனால் பத்திரம் அடிப்பது போலவா இது? ஒவ்வொரு மேற்படியையும் பிரித்து வைப்பதற்குள் சில்லுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கம்ப்யூட்டருக்குள் தன் தலைக்கு மேல் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறியைப் பார்த்துக் கத்தியது: "சுத்துய்யா! வேகமா சுத்து!" விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. அப்படியும் முடியவில்லை. சிடி யாருக்காகவும் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனது.

"படத்தையும் பேச்சையும் சேர்த்துத் தூக்க முடியல. ஒண்ணை விட்டாகணும்" என்றது சில்லு.

"படத்தை விட்டா உன்னைத்தான் திட்டுவாங்க" என்றது சிடி.

சில்லு காளீஸ்வரியைப் பார்த்தது. அவள் திரையை விட்டுவிட்டு, ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்திருந்தாள். அவ்வளவுதான், சில்லு படத்தைக் கைவிட்டுப் பேச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை ஒரு கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்தபடி உறைந்து போனான். குரல் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

"எனக்கு இப்படிப் பேசி வழக்கமில்லைங்க. ஆனா ஒண்ணு, நான் மட்டும் பேசினா எப்படி? அவங்க மனசுல என்ன இருக்குன்னு யாராச்சும் கேட்டீங்களா? பிடிக்கலேன்னா பயப்படாம சொல்லச் சொல்லுங்க. நான் வருத்தப்பட மாட்டேன்."

இத்தனை நாள் பேச்சுவார்த்தையில் காளீஸ்வரியின் மனசைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அண்ணன் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

"என்னடி, ஒரு கண்ணு மூடியே இருக்கு? பார்வை கீர்வை சரியில்லையோ? திரும்பப் போடுங்க தம்பி" என்றாள் வெள்ளத்தாய்.

காளீஸ்வரி அந்தக் கோணல் மூஞ்சியைப் பார்த்தாள். பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. "போதும்மா, வா. போன் வர்ற நேரமாச்சு. அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன்."

"என்னன்னு பேசுவ?"

"சரின்னுதான். வேற என்னன்னு?"

அன்றைக்குச் சில்லு பிடித்த பழக்கம்தான், இன்னும் விடவில்லை. கார்டு இல்லாமலே தானே படம் காட்டுகிறது, விசிறியை உறும வைக்கிறது. திணறும்போது முகத்தை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் நிறுத்திவிடுமே தவிர, பேச்சைப் பாதியில் விடுவதில்லை.