முப்பத்தொரு பொட்டலங்கள்

பேராசிரியர் தமயந்தியின் பையில் சுத்தியல் இல்லை. திசைகாட்டி, நோட்டு, தண்ணீர் பாட்டில், முட்டிவலித் தைலம். நிலவியல் சொல்லித்தரும் ஆள், பாறை பார்க்கச் சுத்தியல் இல்லாமல் கிளம்புவார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் அமலதாஸுக்கு இது உறுத்தியது. அவன் இடுப்பில் வெளிநாட்டுச் சுத்தியல். ஒரு முனை சதுரம், மறு முனை உளி போலத் தட்டை. புது மாப்பிள்ளை மோதிரத்தைத் தடவுவதுபோல, பெரம்பலூரிலிருந்து காரை கிராமம் வரைக்கும் ஜீப்பில் அதைத் தடவிக்கொண்டே வந்தான்.

"உங்க சுத்தியல் எங்க மேடம்?"

"விட்டுட்டேன்."

"ஏன்?"

"கையில இருந்தா கை நிக்காது."

வயசானால் எல்லாரும் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

காரையில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. இப்போது மழை அரித்த களிமண் மேடுகளும் வறண்ட ஓடைகளும்தான். அந்தக் கடலின் நீரோட்டம் எந்தத் திசையில் ஓடியது என்பதுதான் அமலதாஸின் ஆராய்ச்சி. கணவாய் மீனைப் போன்ற ஓர் உயிரின் கூடுகள், துப்பாக்கித் தோட்டா வடிவில், அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. சில பாறைகளில் அவை கூட்டமாக, நீர் தள்ளிவிட்ட வாக்கிலேயே படுத்திருக்கும். அப்படி ஒரு பாறை கிடைத்தால் போதும்.

ஜீப்பை வேலிக்கருவை நிழலில் நிறுத்தினார்கள். பேராசிரியருக்கு ஓடைக்குள் இறங்க முடியவில்லை. முட்டி.

"நீங்க போய்ப் பாருங்க," என்றார்.

அவன் போனான். மூன்று மணி நேரம் கழித்து, தலை முதல் கால் வரை சாம்பல் நிறப் புழுதியோடு, பல்லெல்லாம் தெரியத் திரும்பி வந்தான். தோள்பை கனத்தது.

"கிடைச்சிடுச்சு மேடம்! ஒரே பாறையில முப்பத்தொண்ணு! எல்லாம் ஒரே பக்கம் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி வரிசையா!"

பேராசிரியர் எழுந்து நின்றார். முட்டியை மறந்துவிட்டார்.

அவன் செய்தித்தாள் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தான். "ஒண்ணுகூட உடையலை மேடம். சுத்தியல்னா இது சுத்தியல்."

அவர் அவற்றைத் தொடவில்லை.

"எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சு?"

அவன் ஓடையைத் திரும்பிப் பார்த்தான்.

"பதிஞ்ச பள்ளம் இருக்குமே?"

"பாறையே பொலபொலன்னு உதிர்ந்து, சரிஞ்சு கீழ போயிடுச்சு மேடம்."

"போட்டோ?"

"எடுத்தேனே!" என்று அவசரமாக போனை நீட்டினான். செய்தித்தாளின் மேல் முப்பத்தொரு கற்கள். அளவு தெரிய, பக்கத்தில் சுத்தியல். கற்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன.

"இது நீங்க அடுக்கினது."

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நாலு வருஷ ஆராய்ச்சி. ஆடிக்குள் ஆய்வேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். பிறகு மெல்ல ஆரம்பித்தான்.

"வடகிழக்குன்னு போட்டுடலாமா மேடம்? உங்க கட்டுரையிலயும் அதுதானே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?"

"யாருக்கும் தெரியாது," என்றார் பேராசிரியர். "இருபத்திரண்டு வருஷமா தெரியலை."

அவனுக்குப் புரியவில்லை.

"நானும் இதே மாதிரி ஒரு பாறையை உடைச்சேன் அமலதாஸ். எல்லாத்தையும் முழுசா எடுத்தேன், பூ மாதிரி. லாட்ஜுக்குப் போய்க் கழுவும்போதுதான் திசையைக் குறிக்கலைன்னு உறைச்சுது. அன்னிக்கு ராத்திரி வடகிழக்குன்னு எழுதினேன்."

"நீங்களா மேடம்?"

"அதை நம்பி இதுவரைக்கும் பதினாலு பேர் எழுதியாச்சு. நீங்க பதினஞ்சாவது."

அமலதாஸுக்கு முதலில் முகம் வெளுத்தது. அப்புறம் கோபம் வந்தது.

"எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் கை வெச்சிருக்கவே மாட்டேன்."

"சொல்லியிருக்கணும். ஜீப்புல வரும்போதுகூட வாய் வரைக்கும் வந்துது. வெக்கமா இருந்துது."

காற்று ஒரு செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் பிடிக்கப் போகவில்லை. அவன் இடுப்பிலிருந்து சுத்தியலைக் கழற்றி ஜீப்பின் தரையில் வைத்தான். கல் எதையும் தொடவில்லை.

"அப்ப நிஜமா அது எந்தப் பக்கம் ஓடுச்சு மேடம்?"

பேராசிரியர் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பாறை கிடைக்குமான்னு முட்டி போற வரைக்கும் வருஷா வருஷம் வந்து தேடினேன். கிடைக்கவே இல்லை. அப்படி ஒண்ணைப் பார்த்துட்டு வரத்தான் உங்களை அனுப்பினேன்."