மண் தின்ற மகாராஜா

முன்னொரு காலத்தில் குறுமலை நாட்டைப் பொன்வேலராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசளிப்பார். மாலையில் அவனையே அந்த யானையின் காலில் இடறச் சொல்வார். அப்படியொரு குணம்!

அவர் ஆறே மாதத்தில் வெளுத்துப் போனார். வேளை தவறாமல் நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆனாலும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்தானக் கவிராயர் வானவராயருக்கு இது வசதியாகப் போயிற்று. தன் கவிதையைவிடச் சமையற்காரன் சட்டையப்பனின் ரசத்தை ராஜா அதிகம் புகழ்கிறாரே என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"ரசத்தில் மெல்லக் கொல்லும் விஷம், மகாராஜா!" என்று பற்றவைத்தார். அவ்வளவுதான். சட்டையப்பனுக்கு விலங்கு, வெள்ளிக்கிழமை கழுமரம்.

வியாழன் காலை அவன் சபையில் விலங்கோடு நின்றபோது, ஆடு மேய்க்கும் அவன் பெண்டாட்டி மாயக்காள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சட்டையப்பன் 'போ, போ' என்று கண்ணால் சாடை காட்டினான். இவள் வாய் சும்மா இருக்காதே!

"மகாராஜா, உங்களை வாட்டுறது எதுன்னு நான் சொல்றேன். தப்பாச் சொன்னா நாளைக்கு ரெண்டு கழுவா நடுங்க."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். "சொல்!"

"முதல்ல உங்க கண்ணைத் தொட்டுப் பார்க்கணும்."

"ஆட்டுப் புழுக்கை அள்ளிய கையாலா?" என்று வானவராயர் துள்ளினார்.

"கழுவிட்டுத்தான் வந்திருக்கேன், சாமி."

ராஜா சிரித்துக்கொண்டே குனிந்தார். மாயக்காள் அவருடைய கீழிமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். பாதங்களையும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எந்தச் சுவத்து மண்ணைத் தின்னீங்க, மகாராஜா?"

ராஜா சட்டென்று நிமிர்ந்தார். "அந்தப்புரத்துச் சுவர்... என்னையும் கவிராயரையும் தவிர யாருக்கும் தெரியாதே!"

சட்டையப்பன் வாயைப் பிளந்தான். பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவன், தன் பெண்டாட்டியை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"குடல்ல புழு இருக்கிற ஆடு மேயும், உடம்பு தேறாது. இமைக்குள்ள சிவப்பு போய் வெளுத்துடும். அப்புறம் மண்ணை நக்கும். மனுசங்களையும் இப்படிப் பார்த்திருக்கேன். வயிறு வலிச்சுதா? கால் விரல் இடுக்கு அரிச்சுதா?"

"ஆமாம், ஆமாம்!"

"அரண்மனைப் புதுத் தோட்டத்துல வெறுங்காலோட நடக்குறீங்க, ஆடு ஓட்டிட்டுப் போறப்பப் பார்த்திருக்கேன். வேலைக்காரங்க வெளிக்கிருக்கிற இடம் அது. அந்த மண்ணுலேருந்துதான் புழு பாதத்தைத் துளைச்சு ஏறியிருக்கும்."

ராஜா திரும்பினார். "கவிராயரே, மண் ஆசை பூமாதேவியின் அருள் என்றீரே?"

"நானும் கூடவே நடந்தேனே! கூடவே தின்றேனே!" என்று பதறினார் வானவராயர். மாயக்காள் அவர் இமையையும் இறக்கிப் பார்த்தாள். ராஜாவினுடையதைவிட வெளுத்திருந்தது!

கழுமரம் தள்ளிப்போனது. அரண்மனை வைத்தியர் இருவருக்கும் புழு மருந்து கொடுத்தார். மறுநாள் காலை வெளியேறியவற்றைக் கழுவித் தட்டில் காட்டினார். விரல் நகத்தின் நீளம்கூட இல்லாத வெள்ளை நூல் துணுக்குகள்.

ராஜா தட்டைக் கையில் வாங்கிக் குனிந்து பார்த்தார். "ஏழு கோட்டை கட்டினேன். இத்தனூண்டுப் பிராணி என் காலடி வழியாகவே நுழைந்து என் ரத்தத்தைக் குடித்திருக்கிறதே!" என்று தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்.

தோட்டத்து ஆட்களுக்குக் கழிப்பறைக் குழி வெட்டும் வேலை வானவராயருக்கு, காலில் செருப்போடு. ராஜா தாமே வந்து சட்டையப்பனின் விலங்கைக் கழற்றினார்.

"இப்பேர்ப்பட்ட கண்ணுக்கு முன்னால் இத்தனை வருஷம் எப்படியடா குடும்பம் நடத்தினாய்?"

"எதையும் மறைக்காமத்தான், மகாராஜா," என்றான் சட்டையப்பன்.