சுனை வழியை மறித்த முள்ளம்பன்றி

குழந்தைகளே, கோடை கொளுத்திய ஒரு நாளில், ஒரு காட்டில் தீப்பிடித்தது. மலையடிவாரத்துக் காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு காற்றோடு சேர்ந்து சரிவில் ஏறியது. வளைகளுக்குள் புகை புகுந்தது. ஓட முடிந்தவை ஓடிப் பிழைத்தன. குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிய தாய்கள்தான் கடைசியாக மலைமேல் வந்து சேர்ந்தன.

அவற்றில் ஒன்று கூரி என்ற முள்ளம்பன்றி. அதன் ஒரே குட்டியின் பெயர் சுள்ளி. புகையைக் குடித்ததில் சுள்ளிக்கு மூச்சு இரைத்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்போதுதான் பால் மறந்த குட்டி அது. தீயிலிருந்து தப்பிய பிறகு ஒரு வேர்கூடத் தின்னவில்லை.

தீ எட்டாத அந்த மேல்காட்டில், போக்கிடம் இல்லாமல் வரும் குடும்பங்களைக் கவனிக்க மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். கரடியிடம் பெரிய குகை இருந்தது. தங்க இடம் கொடுப்பது அதன் பொறுப்பு. மந்திக்கு மூலிகை தெரியும். மருந்து கொடுப்பது அதன் பொறுப்பு. பழமும் கிழங்கும் கொண்டுவந்து பசியாற்றுவது யானையின் பொறுப்பு.

இந்த வேலைக்காகக் காடு அவர்களுக்கு ஒரு மரியாதை செய்திருந்தது. கோடையில் வற்றாத சுனை அங்கே ஒன்றே ஒன்றுதான். காலையில் அதன் முதல் தண்ணீர் இந்த மூவருக்குத்தான். அவர்கள் குடித்து முடித்த பிறகே மற்ற விலங்குகள் இறங்கும்.

மூவரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன் வேலைதான் பெரிது. சுனையில் பக்கத்தில் நின்று குடித்தாலும் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருவர் இருக்கும் இடத்தை இன்னொருவர் எட்டிப் பார்த்தது கிடையாது.

கூரி முதலில் கரடியின் குகைக்குப் போனது.

கரடி எதிலும் எச்சரிக்கையானது. வாசலிலேயே நின்று சுள்ளியை மோந்து பார்த்தது. "குட்டிக்குக் காய்ச்சல் அடிக்கிறதே. உள்ளே எத்தனையோ குட்டிகள் தூங்குகின்றன. அவற்றுக்கும் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வேன்? நீ மந்தியிடம் போ. மருந்து வாங்கிக் குணமாக்கிக்கொண்டு வா. இடம் தருகிறேன்" என்றது.

நியாயம்தானே என்று கூரி புறப்பட்டது. மந்தி இருந்த மருத மரம் ஓடைக்கு அந்தப் பக்கம். குட்டியை முதுகில் ஏற்றவும் வழியில்லை. முள்ளம்பன்றிக்கு முதுகெல்லாம் முள். பிடரியை வாயால் கவ்விக் கொஞ்ச தூரம் நடக்கும். கீழே வைத்து மூச்சு வாங்கும். மறுபடி கவ்வி நடக்கும்.

மந்திக்குத் தன் மருந்தின் மேல் தனிப் பெருமை. சுள்ளியின் இமையைத் தூக்கிப் பார்த்தது. வயிற்றைத் தட்டிப் பார்த்தது. "மருந்து இருக்கிறது. ஆனால் வயிறு காலியாகக் கிடக்கிறது. வெறும் வயிற்றில் கொடுத்தால் குட்டி சுருண்டுவிடும். அப்புறம் என் மருந்தைத்தான் குறை சொல்வீர்கள். யானையிடம் போய் ஏதாவது ஊட்டிக்கொண்டு வா" என்றது.

அதுவும் நியாயம்தான். கூரி மூங்கில் காட்டுக்கு நடந்தது. இப்போது சுள்ளி முனகவும் இல்லை.

யானை எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்க்கும். அதன் காலடியில் அத்திப்பழம் குவிந்து கிடந்தது. வாசனை கூரியின் மூக்கைத் துளைத்தது. யானை தும்பிக்கையால் அதைச் சற்றே தள்ளி வைத்தது.

"வழியில் நிற்பவர்களுக்கெல்லாம் கொடுத்தால், வலுத்தவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான் அம்மா. ஓரிடத்தில் தங்கியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். கரடியின் குகையில் இடம் கிடைத்ததும் சொல். உன் பங்கு தானாக வந்துவிடும்."

"ஐயா, கரடி அண்ணாதான் என்னை மந்தி அக்காவிடம் அனுப்பினார். மந்தி அக்கா உங்களிடம் அனுப்பினார். நீங்கள் திரும்பவும் கரடி அண்ணாவிடமே போகச் சொல்கிறீர்கள்" என்றது கூரி.

யானை காதை ஆட்டியது. "அவர்கள் வேலையில் நான் தலையிடுவதில்லை" என்றது.

கூரி சுள்ளியைக் கவ்விக்கொண்டு திரும்பியது. பாதி வழியில் ஒரு புதரோரம் சருகுமான் என்ற சிறு மான் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதுவும் அடிவாரத்திலிருந்து வந்ததுதான். தீயன்று இரண்டும் ஒன்றாகத்தான் ஓடி வந்தன. அப்போது சருகுமானோடு ஒரு குட்டி இருந்தது.

"உன் பிள்ளை எங்கே?" என்று சுள்ளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது கூரி.

சருகுமான் ஓடைப் பக்கம் பார்த்தது. "மந்தியின் மருத மரத்துக்கும் மூங்கில் காட்டுக்கும் நடுவில் படுத்தான். எழுந்திருக்கவில்லை."

கூரி அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. காற்றில் இன்னும் கரி வாசனை இருந்தது. சருகுமான்தான் மறுபடி பேசியது.

"நீ நடந்துகொண்டே இரு. கோபப்பட்டு ஏதாவது சொல்லிவிடாதே. அவர்கள் பெரியவர்கள். பகைத்துக்கொண்டால் கிடைக்கிறதும் கிடைக்காமல் போய்விடும்."

"உனக்கு என்ன கிடைத்தது?" என்றது கூரி.

சருகுமான் மறுபடி ஓடைப் பக்கம் பார்த்தது.

கூரி சுள்ளியின் முகத்தைப் பார்த்தது. கரடி சொன்னது சரி, மந்தி சொன்னது சரி, யானை சொன்னதும் சரி. மூன்று சரியும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கொன்றிருக்கிறது. இன்னொரு தடவை சுற்றினால் சுள்ளியும் வழியில்தான் கிடக்கும்.

"நான் இனி நடக்க மாட்டேன்" என்றது கூரி. "என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் நான் நடந்தது போதும். அவர்கள் மூவரும் நடந்து வருகிற இடம் ஒன்று இருக்கிறது."

மறுநாள் காலையில் சுனைக்குப் போகும் வழியில் கூரி உட்கார்ந்திருந்தது. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே உள்ள சந்து அது. அதைத் தாண்டாமல் சுனையில் இறங்க முடியாது. சந்தின் நடுவில் சுள்ளியைப் படுக்க வைத்து, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முள் ஒவ்வொன்றும் குத்திட்டு நிற்கக் கூரி காவல் இருந்தது.

முன்னால் வந்தது நரி. பெரியவர்களுக்கு வழி விலக்கிக் கொடுத்து நல்ல பெயர் வாங்குவது அதன் பிழைப்பு.

"எழுந்து ஓரமாகப் போ. முதல் தண்ணீருக்குப் பெரியவர்கள் வருகிறார்கள்."

"தெரியும். அதனால்தான் இங்கே இருக்கிறேன்."

நரி பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தது. கூரி பின்பக்கமாக ஒரே தள்ளு. மூக்கில் முள் ஏறிய நரி, ஊளையிட்டுக்கொண்டு, அப்போது வந்து சேர்ந்த யானையின் காலுக்குப் பின்னால் பதுங்கியது.

அதற்குள் கரடியும் மந்தியும் வந்துவிட்டன. பின்னால் தாகத்தோடு மற்ற விலங்குகளும் கூடின.

யானை தும்பிக்கையை நீட்டியது. சலசலவென்று முள் குலுங்கியதும் இழுத்துக்கொண்டது. உள்ளங்காலில் அந்த முள் ஏறினால் என்ன ஆகும் என்று யானைக்குத் தெரியும்.

"என்ன அக்கிரமம் இது. நான் பாறைமேல் தாவிப் போய்விடுவேன்" என்றது மந்தி.

"தாவுங்கள் அக்கா. மூச்சுக்குத் திணறுகிற பிள்ளை இங்கே கிடக்கிறது. மருந்து தெரிந்த நீங்கள் அதற்கு மேலாகத் தாவித் தண்ணீர் குடிக்கப் போனதை இத்தனை பேரும் பார்க்கட்டும்."

பாறையில் வைத்த கையை மந்தி எடுத்துவிட்டது.

கரடி குரலைத் தணித்துக்கொண்டு வந்தது. "இதோ பார் கூரி. நான்தான் நேற்றே சொன்னேனே. காய்ச்சல் குணமாகாமல்..."

"அதை என்னிடம் சொல்ல வேண்டாம் அண்ணா. நான் கேட்டாகிவிட்டது. பக்கத்தில் மந்தி அக்கா நிற்கிறார். அவரிடம் சொல்லுங்கள்."

கரடிக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் மந்தியின் பக்கம் திரும்பியது. "காய்ச்சல் குணமாகாமல் நான் எப்படி உள்ளே விடுவது?"

"பசியோடு வருகிற குட்டிக்கு நான் எப்படி மருந்து கொடுப்பது?" என்று மந்தி யானையைப் பார்த்தது.

"தங்க ஒரு இடம் இல்லாதவர்களுக்கு நான் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?" என்று யானை கரடியைப் பார்த்தது.

சொன்னது சுற்றிக்கொண்டு சொன்னவரிடமே வந்து நின்றது மூவருக்கும் புரிந்துவிட்டது.

கரடி மந்தியிடம் மெதுவாகக் கேட்டது: "நான் உன்னிடம் அனுப்பினேனே, அவ்வளவு பேருக்கும் மருந்து கொடுத்தாயா?"

"சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னேன். ரொம்பப் பேர் திரும்பி வரவில்லை. தானாகவே தேறிவிட்டார்கள் என்று நினைத்தேன்" என்றது மந்தி.

"என்னிடமும் திரும்பி வரவில்லை. வேறெங்கோ இடம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்" என்றது யானை.

கூட்டத்திலிருந்து சருகுமான் முன்னால் வந்தது. யானைக்கு நேராக வந்து நின்றது.

"திரும்பி வராதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஓடைக் கரையில் ஒருவன் இருக்கிறான். என் மகன். வாருங்கள், காட்டுகிறேன்."

யானை தலையைத் தாழ்த்திக்கொண்டது. சருகுமான் திரும்பி வந்து கூரியின் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன் பின்னால் ஒரு பெண்மான் வந்து உட்கார்ந்தது. கால் வெந்த முயல் ஒன்று தன் குட்டிகளோடு வந்தது. கீரி வந்தது. சந்து அடைந்துபோயிற்று.

நரி மூக்கைத் துடைத்துக்கொண்டே குழைந்தது. "பெரியவர்களே, மழை பெய்து காடு துளிர்க்கட்டும். ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் சபை கூட்டிப் பேசிக்கொள்ளலாம். இப்போது இவர்களை எழுந்து போகச் சொல்லுங்கள்."

"மழை வரைக்கும் சபை காத்திருக்கும். என் பிள்ளை காத்திருக்காது" என்றது கூரி. "இப்போதே, இங்கேயே செய்யுங்கள். இல்லையென்றால் இன்றைக்கு முதல் தண்ணீர் யாருக்கும் கிடையாது. எனக்கும்தான். நாக்கு வறண்டு இங்கேயே கிடப்பேன்."

கரடிதான் முதலில் வாய் திறந்தது.

"குகைக்குப் பக்கத்தில் ஒரு பொந்து இருக்கிறது. அதில் நான் தேனடை வைத்திருக்கிறேன். அதைக் காலி செய்தால் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தனியாகப் படுக்க வைக்கலாம். ஆனால் மருந்துக்கு அவ்வளவு தூரம் யார் தூக்கிக்கொண்டு போவது?"

"ஏன் தூக்க வேண்டும்? தாவி வர எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் நானே அங்கே வந்துவிடுகிறேன்" என்றது மந்தி. சொல்லிவிட்டு, இத்தனை நாளாக இது ஏன் தோன்றவில்லை என்று அதற்கே வெட்கமாகிவிட்டது.

"பழத்தைக் குகை வாசலில் இறக்குகிறேன். வருகிற அன்றைக்கே கொடுக்கிறேன். வலுத்தவன் பிடுங்காமல் கரடி பார்த்துக்கொள்ளட்டும்" என்றது யானை. பிறகு கூரியிடம் கேட்டது: "போதுமா அம்மா? இனி வழி விடலாம் அல்லவா?"

"சொல்லியாகிவிட்டது ஐயா. செய்யுங்கள். அப்புறம் எழுந்திருக்கிறேன்."

கூட்டத்தில் சிலருக்கு இது அதிகப்படியாகப் பட்டது. முணுமுணுத்தார்கள். கூரி முள்ளைத் தாழ்த்தவே இல்லை.

யானை போய் அத்திப்பழம் கொண்டுவந்தது. மந்தி அதைப் பிசைந்து, சுள்ளியின் வாயைத் திறந்து, நாக்கில் தடவித் தடவி உள்ளே இறக்கியது. பிறகு ஆடாதொடை இலையைப் பறித்துவந்து கசக்கிச் சாறு பிழிந்தது. சுள்ளி ஒரு தடவை இருமியது. முகத்தைச் சுளித்தது. கசப்பு தெரிகிறது என்றால் உயிர் இருக்கிறது என்று கூரிக்குத் தெரிந்தது. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

கரடி குனிந்து, தன் இரண்டு கைகளாலும் சுள்ளியைத் தூக்கிக்கொண்டது. அதன் பிறகுதான் கூரி முள்ளை மடக்கி எழுந்து நின்றது.

வழி திறந்ததும் நரி வழக்கம்போல, "பெரியவர்கள் முதலில்" என்று குரல் கொடுத்தது. யானை அதைத் தும்பிக்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, முயலின் குட்டிகளைப் பார்த்தது. "நீங்கள் குடியுங்கள்" என்றது. அன்று சுனையின் முதல் தண்ணீரைக் குட்டிகள் குடித்தன.

சுள்ளி தேறுவதற்குப் பல நாள் ஆயிற்று. மந்தி தினமும் வந்தது. வந்தால் கரடியோடு மருந்தைப் பற்றிச் சண்டையும் போட்டது. சருகுமான் பொந்து வாசலில் இருந்துகொண்டு, புதிதாக வருகிற தாய்களை யாரும் வேறெங்கும் அனுப்பிவிடாமல் பார்த்துக்கொண்டது. அதைக் கேட்காமல் ஒருவரும் உள்ளே போனதுமில்லை, வெளியே போனதுமில்லை.

ஒரு நாள் சுள்ளி தானாக எழுந்து வாசல் வரை தள்ளாடி நடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கரடி, மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டது.

"எல்லாம் சரிதான் கூரி. ஆனால் இத்தனை பேர் முன்னால் எங்களை நிறுத்தி வைத்து மானத்தை வாங்கிவிட்டாயே. தனியாக வந்து கேட்டிருந்தால் செய்திருக்க மாட்டோமா?"

கூரி குட்டியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒவ்வொருவரையும் தனியாகத்தான் கேட்டேன் அண்ணா" என்றது.

நீதி: உதவி செய்கிறவர்கள் தங்களுக்குள் கலந்து பேசாவிட்டால், உதவி தேடி வந்தவர் வழியிலேயே விழுந்துவிடுவார். அவர்களை ஒன்றாக நிறுத்தி நியாயம் கேட்பது தவறில்லை.