மாப்பிள்ளையை எடை போடப் போன அண்ணன்மார்

வெள்ளரிப்பாளையத்து அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை போகிற போக்கில் பிறகு சொல்ல இடம் கிடைக்காமல் போனாலும் போய்விடும்.

மூத்தவர் சென்னியப்பன், அடுத்தவர் நாச்சிமுத்து, கடைசி திருமூர்த்தி. ஆனைமலை ரோட்டில் அவர்களுக்கு ஒரு கொப்பரைக் களம் இருந்தது. தேங்காயை உடைத்துக் காயவைப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வதிலும் அப்படித்தான். ஒரு பல் டாக்டர் "வாயைத் தொறந்தே வெச்சிருங்க" என்று சொன்னதற்காக நாச்சிமுத்து பொங்கல் முடியும்வரை வாயை மூடவில்லை.

இவர்களுக்கு ஒரே தங்கை, பூங்கோதை. தையல் வேலை செய்பவள். வயது இருபத்தெட்டு. அண்ணன்மார் போய்ப் பேசிய மூன்று இடங்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன. மூன்றாவது இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். அண்ணன்மார் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். பத்து நிமிஷம் கழித்து, "நீங்க யாருங்க, எங்க வீட்டுல ஒக்காந்திருக்கீங்க?" என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

நாலாவது இடத்தைக் கொண்டுவந்தவர் தரகர் மாரப்பன். பையன் பெயர் சிவமலை. பொள்ளாச்சிப் பக்கம், சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பலூனில் ஏற்றி, முக்கால் மணி நேரம் மலையும் அணையும் தோப்பும் காட்டி இறக்கிவிடுகிற வேலை. பலூன் என்றால் திருவிழாவில் விற்கிற பலூன் இல்லை. அடியில் நெருப்பு எரிய, சூடான காற்று அடைத்து, ஆள் நிற்கிற கூடையோடு மேலே போகிறது. ஓட்டுவதும் அவன்தான், விளக்கம் சொல்வதும் அவன்தான்.

பூங்கோதை போட்டோவைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டாள்.

"நீங்க பொண்ணு வீடுன்னு காட்டிக்க வேண்டாம்" என்றார் மாரப்பன். "டூரிஸ்ட் மாதிரி போய் ஏறுங்க. பக்கத்துல நின்னு ஆளை நல்லா எடை போட்டுப் பாத்துருங்க. கல்யாணப் பேச்சு வந்தா மட்டும் மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுதுங்க" என்றார்கள் மூன்று பேரும்.

கிளம்பும்போது பூங்கோதை வாசல்வரை வந்தாள். "இந்த இடமாச்சும் அமையோணும்ண்ணா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கவலைப்படாதே அம்மிணி. நாங்க மூணு பேருமே போறோமல்ல" என்றார் சென்னியப்பன்.

அவளுடைய கவலையே அதுதான்.

சிவமலை முதல்நாள் போனில் சொல்லியிருந்தான்: "காலையில அஞ்சரைக்கு வந்துருங்க. வெறும் வயித்தோட வந்தா நல்லதுங்க." மார்கழிப் பனி. பலூன் கிளம்புகிற மைதானத்தில், பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து மூன்று பேர் சட்டையில்லாமல், சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பல் கிட்டிக்க நடந்து வந்தார்கள்.

"என்னங்கண்ணா இது?" என்று பதறினான் சிவமலை.

"வெறும் வயிறுங்க" என்றார் சென்னியப்பன். வயிற்றைத் தட்டியும் காட்டினார். எட்டு இட்லி சாப்பிட்ட வயிறு. நல்ல சத்தம் வந்தது.

அதற்குள் திருமூர்த்தி அவர்கள் வந்த வேனிலிருந்து களத்து எடை மெஷினை இறக்கிவிட்டான். மூட்டை போடுகிற இரும்பு மெஷின். "ஏறி நில்லுங்க" என்றான்.

பலூனில் ஏறுகிறவர்களிடம் எடை கேட்டுக்கொள்வது வழக்கம்தான். ஆனால் ஓட்டுகிறவனை எடை போட மெஷினோடு வந்தவர்கள் இதுவரை யாரும் இல்லை. எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று சிவமலைக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. சந்தோஷமாக ஏறி நின்றான். அறுபத்துநாலு கிலோ.

அண்ணன்மார் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள்.

"அறுவத்திநாலுண்ணா."

"ஈரம் கழிச்சியா?"

"இல்லீங்கண்ணா."

"ராத்திரியெல்லாம் பனியில நின்ன ஆளு. ஈரத்துக்கு நாலு கிலோ கழி."

"அப்ப அறுவது."

"நல்லா வெயில்ல காஞ்சா?"

திருமூர்த்தி சிவமலையைத் தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்தான். "அம்பத்தஞ்சு தேறும்."

"பூஞ்சை கீஞ்சை?"

"இல்லீங்கண்ணா. சுத்தமா இருக்காரு."

"அப்ப மொதல் தரம்" என்றார் சென்னியப்பன். பாதி வேலை முடிந்த நிம்மதியில் மூவரும் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பையனைப் பிடித்துவிட்டது.

ஏறுவதற்கு முன்னால் சிவமலை எல்லாருக்கும் சொல்கிற பாடத்தைச் சொன்னான். "தீப்பெட்டி, பீடி ஒண்ணும் கூடாதுங்க. கூடைக்குள்ள சின்ன நெருப்பு தெரிஞ்சாக்கூட ஒடனே அணைச்சுரோணும். மேல போறப்ப கீழ பாக்காதீங்க, தலை சுத்தும்."

கூடை மெல்ல எழும்பியது. மூவரும் அண்ணாந்து பலூனின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனி விலகியது. ஆனைமலைத் தொடர் முழுவதும் வெயிலில் மின்னியது.

"இதா பாருங்க, ஆழியாறு அணை" என்றான் சிவமலை.

"எங்கீங்க?" என்று பலூனுக்குள் தேடினார் நாச்சிமுத்து.

"கீழங்க."

"கீழ பாக்கக் கூடாதுன்னீங்களே."

"இப்பப் பாக்கலாமுங்க."

"இப்ப நாம மேல போறமா, இல்லீங்களா?"

"போறமுங்க."

"அப்பக் கூடாது" என்று நாச்சிமுத்து முடிவாகச் சொல்லிவிட்டார். சிவமலை தோப்புகளைக் காட்டினான், வாய்க்காலைக் காட்டினான், பறந்து போன மயிலைக் காட்டினான். மூவரும் அண்ணாந்தபடியே, "அருமைங்க" என்றார்கள்.

கூச்சப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று அவன் பேச்சை மாற்றினான். "எனக்கும் பொண்ணு பாக்கறாங்க. இங்க வெள்ளரிப்பாளையத்துல ஒரு இடம் வந்துருக்குது."

மூன்று பேரும் டக்கென்று மூச்சை நிறுத்தினார்கள்.

"பொண்ணு நல்லாத் தைக்குமாமா. போட்டோவுலயே புடிச்சுப் போச்சுங்க. அண்ணன்மாருதான் ஒரு மாதிரின்னு கேள்வி."

சென்னியப்பனுக்கு இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லத்தான் மூச்சு இல்லை. நாச்சிமுத்துவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது. திருமூர்த்தியின் கண்கள் வெளியே வரப் பார்த்தன. உயரம் ஒத்துக்கொள்ளவில்லையென்று பயந்த சிவமலை, "என்னங்கண்ணா பண்ணுது? இந்தப் பனியில தேங்காயெல்லாம் எப்படிக் காய வெக்கறாங்களோ!" என்று ஏதோ உளறினான். தேங்காய்ப் பேச்சு வந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் புஸ்ஸென்று மூச்சு விட்டார்கள். கூடை ஆடியது.

அப்படி அண்ணாந்தே இருந்ததால்தான் நாச்சிமுத்துவின் கண்ணில் நெருப்பு பட்டது.

"அண்ணா, கூடைக்கு மேல நெருப்பு எரியுதே."

"பாத்தேன். அது பெரிய நெருப்பு. சின்ன நெருப்பைத்தானே அணைக்கச் சொன்னாரு" என்றார் சென்னியப்பன். நியாயமான பேச்சு. நாச்சிமுத்து சும்மா இருந்தார்.

போதுமான உயரம் வந்ததும் சிவமலை பெரிய நெருப்பை நிறுத்தினான். அடுத்தமுறை பற்றவைப்பதற்காக ஒரு சின்ன நீலச் சுடர் மட்டும் பர்னரில் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். நாச்சிமுத்து அதைப் பார்த்தார். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குறி தவறாத மனிதர்.

"அணைச்சுட்டேனுங்க" என்றார், சிவமலையின் பாராட்டை எதிர்பார்த்து.

சிவமலை லைட்டரை எடுத்தான். அதுவும் நனைந்திருந்தது. டிக். டிக். பலூன் தென்னந்தோப்பைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. ஐந்து வருஷத்தில் ஒரு ஆளுக்கும் ஒரு கீறல்கூடப் படாமல் ஓட்டியவன்.

"எடை கொஞ்சம் கொறஞ்சாத் தேவலையே!" என்று தனக்குத்தானே புலம்பினான். டிக்.

அண்ணன்மார் கலந்து பேசினார்கள்.

"நம்ம மெஷினை மைதானத்துலயே விட்டுட்டு வந்துட்டமே. எவ்வளவு கொறஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

"மொதல்ல கொறைக்கற வழியைச் சொல்லு."

"ஆளுக்கு ரெண்டு கால் ஊணி நிக்கறோம். ஒரு காலைத் தூக்கிட்டா?"

"பாதி எடை" என்றார் சென்னியப்பன்.

மூவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். அந்த நொடியில் லைட்டர் பிடித்தது. பர்னர் கர்ஜித்தது. தென்னை மட்டைகள் கூடையின் அடியைத் தடவ, பலூன் மேலே எழும்பியது. அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். சிவமலை வியர்வையைத் துடைத்தபடி, "தப்பிச்சமுங்க" என்றான். "பரவாயில்லீங்க. எங்களாலானது" என்றார் சென்னியப்பன். காலை மட்டும் யாரும் இறக்கவில்லை.

காற்று அவர்களை எங்கேயோ தள்ளிக்கொண்டு போயிருந்தது. கடைசியில் ஒரு வெட்டவெளி தெரிந்தது. "அதா ஒரு களம். இப்ப எறங்கிரலாமுங்க" என்றான் சிவமலை. பலூன் அப்போது முந்நூறு அடி உயரத்தில் இருந்தது. திருமூர்த்தி, தூக்கி வைத்திருந்த காலைக் கூடைக்கு வெளியே போட்டான்.

"டேய், செருப்பை விட்டுட்டுப் போறே" என்றார் நாச்சிமுத்து.

செருப்பை எடுக்கக் குனிந்ததால் திருமூர்த்தி பிழைத்தான். சிவமலை அவன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்ற வரைக்கும் யாருமே எறங்கக் கூடாது! ஒருத்தரும்!" என்று கத்தினான்.

பலூன் ஒரு தென்னையில் உரசி, ஒரு முழம் கிழிந்து, காய்ந்துகொண்டிருந்த கொப்பரைமேல் போய் உட்கார்ந்தது. சிவமலை குதித்து இறங்கிக் கயிற்றைக் கட்டினான். ஓட்டுக்கட்டடத்திலிருந்து கழுத்தில் டேப்போடு ஒரு பெண் ஓடிவந்தாள். போட்டோவில் பார்த்த பெண்.

"அண்ணா!" என்றாள் அவள் கூடையைப் பார்த்து. பலூன் வந்து இறங்கியிருந்தது அண்ணன்மாரின் சொந்தக் களத்தில்தான்.

"இவங்க உங்க அண்ணன்மாருங்களா?" என்றான் சிவமலை.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். மறைத்துப் பிரயோஜனமில்லை. "ஆமாங்க. உங்களைப் பாக்கத்தான் வந்தாங்க. ஏதாச்சும் பண்ணிட்டாங்களா?"

சிவமலை கூடையைத் திரும்பிப் பார்த்தான். மூன்று பேர் ஒற்றைக் காலில், கல்யாணப் பேச்சென்று மூச்சையும் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றார்கள். "உயிரோட எறங்கிட்டமுங்க" என்றான்.

"என்னைக் கட்டறதா இருந்தா இவங்களும் கூடவே வருவாங்க. இப்பவே சொல்லிடறேனுங்க" என்றாள் பூங்கோதை. சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பலூன் துணியைக் கையில் எடுத்தாள். விரலில் தேய்த்துப் பார்த்தாள். "நைலானா? எத்தனை மீட்டருங்க?"

"ஆயிரத்து எறநூறு."

"ஆத்தா! ஓரம் அடிக்கவே ஒரு மாசம் ஆகுமே." அவள் முகத்தில் பயம் போய், ஆசை வந்துவிட்டது. "தையல் ரெட்டை மடிப்பா போட்டிருக்காங்க பாருங்க. எங்க கிழிஞ்சுது?"

ஐந்து வருஷமாகப் பலூனில் ஏறி இறங்கியவர்கள் எல்லாரும் அணையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தையலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சிவமலை கிழிசலைக் காட்டினான். பிறகு மற்ற மடிப்புகளைக் காட்டினான். இரண்டு பேரும் துணியைப் பிடித்தபடி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பேசிக்கொண்டே நடந்தார்கள். பாதியில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேறு எந்த அண்ணன்மாராக இருந்தாலும் குறுக்கே வந்திருப்பார்கள். இவர்கள் கூடையைவிட்டு இறங்கவில்லை.

கால் மணி நேரம் கழித்துச் சிவமலைக்கு ஞாபகம் வந்து, "எறங்குங்க மச்சான்" என்றான்.

மச்சான் என்ற சொல் சென்னியப்பன் காதில் விழுந்தது. கண் கலங்கியது. ஒற்றைக் காலிலேயே இறங்கிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சிவமலை பாதி உப்பிக் கிடந்த பலூனை அமுக்கிக் காற்றை வெளியேற்றத் தொடங்கினான். நாச்சிமுத்து ஓடிவந்தார்.

"என்னங்க மாப்ள, இதையெல்லாம் கொட்டறீங்க?"

"காத்துதானுங்க மச்சான். மறுபடி நாளைக்குக் காச்சிக்குவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

அண்ணன்மாருக்கு மனசு கேட்கவில்லை. தங்கையைக் கட்டப்போகிறவர் விடியுமுன்னே எழுந்து காற்றைக் காய்ச்சுவதும், காய்ச்சியதைக் கொட்டுவதுமாக எத்தனை நாள் கஷ்டப்படுவார்? திருமூர்த்தி கொப்பரைச் சாக்குகளை எடுத்துவந்தான். பலூன் வாயில் ஒவ்வொன்றாகப் பிடித்து, நிரப்பி, வாயைச் சணலால் தைத்து, மேலே கம்பளி போர்த்தி, ஐந்து மூட்டைகளை நிழலில் அடுக்கினார்கள்.

தை மாசம் கல்யாணம். சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் ஐந்து மூட்டையும் மண்டபத்துக்கு வந்தன. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பதென்று ஏற்பாடு. அதற்குமுன் சென்னியப்பன் ஒரு மூட்டையின் தையலைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். முகம் வாடியது.

"ஆறிப்போச்சுடா."

நாச்சிமுத்து மூட்டையைச் சமையல்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, மூட்டையை அதற்குள் பதமாகக் கவிழ்த்து உதறினார். நீளக் கரண்டியை எடுத்து, அடி பிடித்துவிடாமல் கிண்டிக்கொண்டே நின்றார்.

கெட்டிமேளம் கேட்டது. சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு வந்த சமையல்காரர் அண்டாவை எட்டிப் பார்த்தார். நாச்சிமுத்துவைப் பார்த்தார். மறுபடி அண்டாவைப் பார்த்தார்.

"இத்தனை பேருக்கு இது பத்தாதுங்களே" என்றார்.

"பந்திக்கு இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து, கிண்டுவதை நிறுத்தாமல். "மாப்பிள்ளைக்கு மட்டும்."