எல்லாம் பச்சை

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி புதுசாக பிரவுசர் செய்தது. வலைப்பக்கத்தில் படம் வரையும் கேன்வாஸ் பகுதி ஜெபராணி தலையில் விழுந்தது. திரையில் ஒரு கோடுகூட இன்னும் வரைய முடியவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

மேனேஜர் திருவேங்கடம் கத்தினார். "நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. சோதனை எல்லாம் பச்சை காட்டணும். இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடு."

"மாசக்கணக்குல ஆகும் சார்."

"கதை விடாதே. எனக்குப் பச்சை வேணும்."

"பச்சை மட்டும் போதுமா சார்?"

"போதும்!"

பிரவுசர் வரைவது மாதிரிப் படத்தோடு ஒத்துப்போனால் சோதனை பச்சை காட்டும், அவ்வளவுதான். ஜெபராணி மாதிரிப் படங்களைத் தூக்கிவிட்டு, தங்கள் பிரவுசர் காட்டிய வெறும் கட்டத்தையே மாதிரியாக வைத்தாள்.

மறுநாள் மேனேஜர் பச்சையைக் காட்டி மார்தட்டினார். கஸ்டமராக வந்திருந்த அம்மா, "எங்க, ஒரு வட்டம் போடுங்க பார்ப்போம்" என்றார். திரையில் ஒன்றுமே வரவில்லை.

"என்னம்மா இது?" மேனேஜர் ஜெபராணி பக்கம் திரும்பினார்.

"மாதிரியிலயும் ஒண்ணுமில்ல சார். அச்சு அசலா ஒத்துப்போகுது. நீங்க கேட்டது பச்சைதானே?"

அந்த அம்மா சிரித்துவிட்டு, ஒப்பந்தம் வேண்டாம் என்று எழுந்து போனார். ஜெபராணியின் வேலையும் அங்கேயே போனது. அவள் பையை மாட்டிக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க சார். நான் இல்லாட்டியும் பச்சை அப்படியே எரியும்."